ஏழு குச்சி மீதி

மருந்து முக்காத தீக்குச்சிக்கு ஒரு வாசனை உண்டு. ஈர மரமும் வெயிலும் கலந்த மாதிரி இருக்கும். கோவில்பட்டியில் எங்கள் தெருவின் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஆலைக்காகக் குச்சி அடுக்குகிற வேலை நடந்ததால், வாசலெங்கும் அவை சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கித்தான் நாங்கள் மந்திரத்தின் ஆயுளை அளந்தோம்.

சிரிக்காதீர்கள், விளக்கமாகவே சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு, கல்லூரியிலிருந்து என் அண்ணன் ஓர் ஆங்கில விளையாட்டு விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸோடு வந்து சேர்ந்தான். பலகையும் காயும் கிடையாது. ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அண்ணன் சொல்லும் கதைக்குள் பேசியே சண்டை போட வேண்டும். பகடைக்குப் பதில் எண் எழுதிய சீட்டுகளைத் தீப்பெட்டியில் போட்டுக் குலுக்கினோம். நான் மந்திரக்காரி. அடுத்த வீட்டு முத்துச்செல்வி வாள்காரி. வெறி வந்தால் இரட்டைப் பலம் பெறுவது வாள்காரிக்கே உரிய சக்தி. அந்த வெறியை நாங்கள் "சாமி வருதல்" என்றோம். அவளுக்கு நான் போடும் பாதுகாப்பு மந்திரம் "காப்பு". காப்புப் போட்டதும் பத்துக் குச்சியை வரிசையாக வைத்து, சண்டையின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றை எடுப்போம். குச்சி தீர்ந்தால் காப்பும் தீர்ந்தது. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அம்மா, "பரீட்சைக்கு இப்படி உக்காந்திருந்தா இன்னேரம் கலெக்டர் ஆயிருப்பிய" என்பாள்.

முத்துச்செல்வியின் அப்பாவுக்குக் கோயம்புத்தூர் மில்லில் வேலை கிடைத்திருந்தது. அவர்கள் வீட்டைக் காலி செய்த அன்று மதியம்தான் எங்கள் கடைசி ஆட்டம். வாள்காரி சாகாமல் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை.

குகையில் அரக்கன் வந்தான். காப்புப் போட்டேன். மூன்று குச்சி போனதும் அவள் "சாமி வந்துட்டு" என்றாள். உடனே அண்ணன் பக்கத்தைப் புரட்டி, "வெறியில இருக்கப்ப மந்திரம் கிடையாதுன்னு போட்டிருக்கு. காப்பு போச்சு" என்று ஏழு குச்சியையும் வழித்து எடுத்துவிட்டான். காப்பு இல்லையென்றால் அடுத்த அடியில் அவள் செத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஜெராக்ஸைக் கிழித்தே போட்டிருப்பேன்.

முத்துச்செல்வி அழவில்லை. "கோயில் கொடைக்குக் காப்புக் கட்டுனவருக்குச் சாமி வந்தா, கையில கட்டுன காப்பு அவுந்தா விழுது? கொடை முடிஞ்சுதானண்ணே அவுப்பாவ? மந்திரம் போட்டது இவ, சாமி வந்தது எனக்கு. நான் எங்க மந்திரம் போட்டேன்?"

அண்ணன் மறுபடி வாசித்தான். வெறியில் இருப்பவர் மந்திரம் போடக்கூடாது என்றுதான் இருந்தது. முன்பே போட்டது கலையும் என்று எங்கேயும் இல்லை. முனகிக்கொண்டே ஏழு குச்சியையும் திரும்ப வைத்தான்.

அதற்குள் லாரி கிளம்புகிறதென்று அவள் அப்பா கூப்பிட்டுவிட்டார். வாசலில் திரும்பி நின்று, "நான் வார வரைக்கும் சுத்து ஓடாதுல்லாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆட்டம் நின்னா சுத்தும் நின்னுரும். போயிட்டு வாட்டி" என்றான் அவன்.

அவள் வரவில்லை. அந்தக் குச்சிகளைத் தீப்பெட்டியில் போட்டு வெகுநாள் வைத்திருந்தேன். பிறகு ஏதோ ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியோடு காணாமல் போயின. இன்று எங்கள் தெருவில் யாரும் குச்சி அடுக்குவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்கு அந்த விதிகளில் ஒன்றுகூட ஞாபகமில்லை.

போன மாதம் எங்கிருந்தோ நம்பர் வாங்கி முத்துச்செல்வி கூப்பிட்டாள். பிள்ளைகள், வீடு, சர்க்கரை எல்லாம் பேசி முடித்துவிட்டு, "ஏட்டி, எத்தன குச்சி மீதி?" என்றாள்.

"ஏழும் அங்கனயே கிடக்கு" என்றேன்.

"அப்ப நான் இன்னும் சாகல" என்று சிரித்தாள்.