சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்க மாட்டேன்னேன்

2004 மே மாசம், செங்கல்பட்டு காலேஜ்ல பி.எஸ்சி. கணக்கு கடைசிப் பரீட்சை எழுதிட்டு வெளிய வந்தப்ப எனக்கு அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு. முதல் பெரிய கேள்வியிலயே மாட்டிக்கிட்டேன். அப்புறம் தெரிஞ்சதும் மறந்துபோச்சு. பாதி பேப்பரை வெள்ளையாவே குடுத்தேன்.

அதுக்கு முந்தின வாரம்தான் சென்னையில ஒரு யுனிவர்சிட்டியில எம்.எஸ்சி. சேர்றேன்னு ஒத்துக்கிட்டு, ஸ்கூல் சர்டிபிகேட் எல்லாத்தையும் குடுத்திருந்தேன். என்ட்ரன்ஸ்ல நல்ல ரேங்க். ஆனா டிகிரியில அறுபது சதவீதம் இல்லாட்டி சீட்டு ரத்து. அந்த சீட்டை நம்பி, கேளம்பாக்கம் பக்கம் பெரியப்பா வாங்கிக் குடுத்த கம்பெனி வேலையையும் வேணாம்னுட்டேன்.

பெரியப்பா வீட்டுக்கே வந்துட்டார். "கெடச்ச வேலைய வுட்டுட்டு இன்னாத்துக்குமா இந்தப் பிடிவாதம்? மார்க் வரலன்னா இன்னா பண்ணுவ?"

"வரலன்னாலும் போவேன், பெரியப்பா."

அப்பா கல்பாக்கத்துல ஸ்டாஃப் பஸ் ஓட்டுறவர். அவர் முகத்தைப் பாக்கத்தான் என்னால முடியல.

அன்னிக்கு சாயங்காலம் எங்க சபைக்குப் போனேன். ஆராதனை இல்லாத நாள், யாருமில்ல. எனக்கு அழகா ஜெபிக்க வரல. சண்டைதான் போட்டேன். "ஆண்டவரே, உம்மை நம்பித்தான் வேலையை விட்டேன். அறுபதைக் குடுங்க. குடுக்காம நான் எழுந்திருக்க மாட்டேன்."

மனசுல ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்துச்சு. எதுல விழுந்தியோ, அதையே எடு.

எனக்குப் பிடிக்கல. முடிஞ்சுபோன பரீட்சைக்கு எவ படிப்பா? ஆனாலும் மறுநாள் அதே கேள்வித்தாளோட உக்காந்தேன். "பைத்தியமாடி உனக்கு?"ன்னு அம்மா கேட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் விடல.

ரிசல்ட் வந்துச்சு. ஐம்பத்தெட்டு.

அப்பாவும் நானும் யுனிவர்சிட்டிக்குப் போனோம். கிளார்க் என் சர்டிபிகேட்டை மேசை மேல வெச்சு, "எடுத்துக்கோமா, அடுத்த வருஷம் பாக்கலாம்"னார்.

"வாங்க மாட்டேன் சார். துறைத் தலைவரைப் பாக்கணும்."

அப்படி ஒரு குரல் எனக்கு இருக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அப்பா என் கையைப் பிடிச்சு இழுக்கல. பக்கத்துல வந்து நின்னார்.

துறைத் தலைவர் ஒரு மேடம். மார்க் ஷீட்டைப் பாத்துட்டு, "மத்த செமஸ்டர்லாம் நல்லா இருக்கே, இதுல என்ன ஆச்சு?"ன்னாங்க.

"முதல் கேள்வியிலயே மாட்டிக்கிட்டேன் மேடம். இப்பக் கேளுங்க, எழுதுறேன்."

சாக்பீஸைக் கைல குடுத்தாங்க. கேள்வியைச் சொல்லி, விடையை போர்டுல எழுதினேன். நடுநடுவுல மடக்கினாங்க. விடாம பதில் சொன்னேன். கடைசியில, "ஒரு சீட்டு காலியா இருக்கு. கமிட்டி மனசு வெச்சா விதியைத் தளர்த்தலாம். நான் கேக்குறேன்"னாங்க. அடுத்த வாரம் கூப்பிட்டாங்க. சேர்ந்தேன்.

ரெண்டு சதவீதம் கூட்டித் தர்றது தேவனுக்குப் பெரிய வேலையா? அதை அவர் செய்யல. என்னைத் திரும்பப் படிக்க வெச்சார், வாயைத் திறக்க வெச்சார். அதுக்கே எனக்கு நன்றி சொல்லி மாளல. இப்ப நானே காலேஜ்ல கணக்கு சொல்லித் தர்றேன். 'இல்ல'ன்னு யாராவது சொன்னா முன்ன மாதிரி தலையைக் குனிஞ்சிட்டுத் திரும்புறதில்ல.

கோவத்தோட ஜெபிக்கலாமான்னு தயங்குறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். அப்படியே போங்க. அவர் கதவைச் சாத்த மாட்டார். ஆனா அவர் எடுன்னு சொல்றதை எடுத்துட்டுத்தான் எழுந்திருக்கணும்.