புளியமரத்தின் சுற்றளவு

புள்ளிக்கு அகலம் கிடையாது என்று முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். புளியமரத்துக்கு அகலம் உண்டு. அது எனக்கு உறைத்தபோது காலம் கடந்துவிடவில்லை. என் குற்றம் அதில்தான் இருக்கிறது.

எழுபத்தோராம் வருஷம் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் குடவாசல் பக்கம். அப்பா மிராசுதார். உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போய்விடுமோ என்று அவர் தூக்கம் கெட்டுக் கிடந்த காலம் அது. வரப்பெல்லாம் விவசாயக் கூலிகள் சங்கத்துக் கொடி. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சென்னையில் புது ஆட்சி சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேப்பரில் வேறு போட்டிருந்தது. நான் தினமும் பேப்பர் படிப்பவன். எதுவும் தெரியாது என்று இப்போது சொன்னால் அதுவும் பொய்.

எங்கள் நாற்றங்காலுக்குக் கிழக்கே ஒரு புளியமரம் நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். மரத்துக்கும் கிழக்கே, எங்கள் நிலத்தில், எங்களுக்கு நடவு நடும் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் குடிசை போட்டிருந்தார்கள். மரத்தில், குடிசையைப் பார்த்த பக்கம், ஓர் இரும்பு வளையம் அறைந்திருந்தாள். அவளுடைய எருமை அதில்தான் கட்டிக் கிடக்கும்.

லீவில் நான் வந்திருந்தபோது ஒருநாள் காலை, நாற்றங்காலின் ஓரத்தில் நாற்றை ஏதோ மாடு மேய்ந்திருந்தது. அவள் எருமைதான் மேய்ந்தது என்று அப்பா ஊரைக் கூட்டிவிட்டார்.

"எருமை அவுத்துக்கலைங்க. கட்டுனது கட்டுனபடி கெடக்கு. கயிறு அங்க எட்டாதுங்க" என்றாள் அவள்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போய் முன்னால் நின்றேன். நிபந்தனைக்குக் கட்டுப்பட்டு நகரும் புள்ளி போகிற வழிக்கு நியமப்பாதை என்று பெயர். நிலையான புள்ளியிலிருந்து மாறாத தூரத்தில் நகர்ந்தால் அது வட்டம். இதைப் படித்துவிட்ட திமிர் எனக்கு. கயிற்றை அவிழ்த்து வாங்கினேன். எருமை கழுத்தை நீட்டி வாய் வைக்கும் தூரத்துக்கும் சேர்த்து நுனியில் ஒரு குச்சியைக்கூடக் கட்டினேன். அவ்வளவு நியாயஸ்தன்! மறுநுனியை நாற்றங்கால் பக்கம் மரத்தோடு அழுத்திப் பிடிக்க ஓர் ஆளிடம் சொல்லி, குச்சியை இழுத்துக்கொண்டு நடந்தேன். மண்ணில் விழுந்த கோடு நாற்றங்காலுக்குள் இரண்டு முழம் புகுந்து வெளியே வந்தது.

"வளையம் அந்தப் பக்கமில்ல இருக்கு சின்னய்யா. கயிறு மரத்தச் சுத்திக்கிட்டுல்ல வரணும்?" என்றாள் அவள்.

"எங்க கட்டுனாலும் கயிறு அதே நீளந்தானே? வட்டம் வட்டந்தான்" என்று சிரித்தேன். கூட்டமும் சிரித்தது.

"படிச்ச புள்ள அளந்து காட்டிருச்சு. இனிமே என்ன பேச்சு?" என்றார் ஒருவர்.

குடிசை அங்கே இருக்கும்வரை எருமையும் இருக்கும், ஆகவே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புறம்போக்குக் கரைக்குப் போய்விட வேண்டும் என்று முடிவாயிற்று. மூன்றாம் நாள் அவள் கீற்றையும் மூங்கிலையும் தலையில் சுமந்துகொண்டு வாய்க்காலில் இறங்கிப் போனாள். எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

காலேஜ் திறந்த முதல் வாரம் பேராசிரியர் ஒரு வட்ட டப்பாவோடு வகுப்புக்கு வந்தார். அதில் நூலைச் சுற்றி, நுனியில் சாக்பீஸைக் கட்டி, டப்பாவைக் கரும்பலகையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூலைப் பிரித்துக்கொண்டே போனார். "இது வட்டமில்லை, இன்வல்யூட். சுற்றினால் நூல் குறையும், பிரித்தால் கூடும்" என்றார். இதையேதான் அவள் ஒரு வாக்கியத்தில் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் போனேன். அன்று அளந்த அதே நீளத்துக்கு ஒரு கயிற்றை எடுத்து, மரத்திலேயே இருந்த வளையத்தில் கட்டி, குச்சியோடு மேற்கே வந்தேன். கயிறு மரத்தின் வயிற்றில் ஒட்டிக்கொண்டே வந்தது. நாற்றங்காலுக்கு ஒரு முழம் இருக்கும்போதே நின்றுவிட்டது. மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக் குடித்து முடித்தார்.

"மேஞ்சது நம்ம காளைடா. எனக்கு அன்னிக்கே தெரியும். நீ அளந்து காட்டுனதாலதான் வம்பில்லாம முடிஞ்சுது. போய்ப் படி."

போய்ப் படித்தேன்.

சில மாதங்களில் சட்டம் வந்தது. யார் யார் எந்த மனையில் இருக்கிறார்கள் என்று எழுத ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். புளியமரத்தடியில் நின்று, "இங்க யாராச்சும் குடியிருக்காங்களா?" என்று கேட்டார். எதிர்க்கரையில் அவள் எருமையோடு நின்றிருந்தாள். அவ்வளவு தூரத்துக்குப் பேச்சு கேட்டிருக்காது. அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றேன்.

எங்கள் நிலத்தில் குடியிருந்த மற்றவர்களுக்கெல்லாம் மனை கிடைத்தது. அவளுக்கு மட்டும் இல்லை.

ரிடையர் ஆனபின் ஒருநாள் குடவாசல் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. "தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றாள். சின்னய்யா என்று கூப்பிடுவது எப்போதோ போயிருந்தது, நல்லதுதான். நெஞ்சில் கிடந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அன்னிக்குக் கயிறு எட்டலைங்க. நான் அளந்தது தப்பு."

"அது எனக்குத் தெரியுமே தம்பி" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் உங்களத் திட்டிக்கிட்டே இருந்தாரு. நாந்தான் சொல்லுவேன், சின்னப் புள்ள, தெரியாம சொல்லிருச்சு, தெரிஞ்சிருந்தா ஓடியாந்து சொல்லியிருக்கும்னு." பிறகு, சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள். "எப்ப தம்பி தெரிஞ்சுது?"

"ரொம்ப வருஷம் கழிச்சுதாங்க" என்றேன்.

"அதானே!" என்று சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, வந்து நின்ற டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.