மாதத்தில் மூன்றாவது இன்ஹேலர்

அமரவிளை சாலையோர மருந்துக்கடைக்குள் அன்று மழை வெளிச்சம் நிறைந்திருந்தது. கண்ணாடி அலமாரிகளும் மருந்துப் பெட்டிகளும் தண்ணீருக்கடியில் இருப்பவைபோல் மங்கித் தெரிந்தன. உள்ளே இருந்த அமைதியில் என் ஏழு வயது மகளின் மூச்சு மட்டும் மெலிதாக விசிலடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு மூச்சிரைக்கும்போது கொடுக்கும் நீல இன்ஹேலர் ஒன்று கேட்டேன். கடை நடத்தும் அக்கா எடுத்தார், கையிலிருந்து விடவில்லை.

"இந்த மாசம் இது மூணாவதாக்கும். பிள்ளை இதை எப்பிடி எடுக்குது?"

மகள் பழையதை வாயில் வைத்து அமுக்கிக் காட்டினாள். பாதி மருந்து புகையாக உதட்டோரம் கலைந்துபோனது.

"டாக்டர் குழாய் தரல்லியா?"

தந்திருந்தார். இன்ஹேலரைப் பொருத்தி மூச்சிழுக்கும் அந்தப் பிளாஸ்டிக் குழாயை, வருகிறவர்கள் பிள்ளைக்கு என்ன நோய் என்று கேட்பார்களே என அஞ்சி நான்தான் அலமாரிக்குள் வைத்திருந்தேன். தினமும் எடுக்கச் சொன்ன இன்னொரு மருந்தையும், இருமல் நின்றதும் நிறுத்தியிருந்தேன். இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். சொல்ல நேர்ந்ததிலேயே எரிச்சல் வந்து, "தரமாட்டீங்கன்னா வேற கடை உண்டு" என்றேன்.

அவர் புதுக் குழாய் ஒன்றை எடுத்து, இன்ஹேலரைக் குலுக்கிப் பொருத்தி, மகளின் முன்னால் குனிந்தார். "ஒண்ணுதான் அமுக்குவேன். நீ மெல்ல மூச்சு எடு மக்கா." டாக்டரின் சீட்டில் எழுதியிருந்தபடி, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டுக் கொடுத்தார். மழைச் சத்தத்துக்குள் விசில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. பிறகு ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

"சுகமாச்சுன்னு வீட்டுக்குப் போவாத. நேரா நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போ. இது அப்போதைக்குத்தான் கேக்கும். அடிக்கடி வேண்டி வருதுன்னா உள்ளே நோவு அடங்கல்லன்னு அர்த்தம்."

வழியிலேயே மூச்சு மறுபடி இறுகியது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் முழுதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றாட மருந்து மறுபடி தொடங்கியது. குழாய் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. வருகிறவர்கள் கேட்டால் மகளே எடுத்துக் காட்டினாள்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. சென்ற வாரம் புது நீல இன்ஹேலர் வாங்கப் போனோம்.

"பழசு தீந்துபோச்சா?"

"இல்லக்கா. தேதிதான் முடிஞ்சுது. மருந்து பாதிக்குமேல கெடக்கு."

அக்கா அதை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வாய் எழவில்லை. அதற்குள் மகள் எதிரே பள்ளித் தோழியைக் கண்டு, நனைந்த நடைபாதையில் ஓடத் தொடங்கினாள். மூச்சிரைக்குமே என்ற பழைய பயத்தில் அவளைத் தடுக்கத் திரும்பினேன்.

"ஓடட்டு" என்றார் அக்கா.