ரயிலில் போன பேட்டரி

பேட்டரிக் கடையில் கடைக்காரர் இருந்தார். டிராக்டர் வைத்திருக்கும் என் மருமகன் இருந்தார். பழைய ஈயம் கேட்டு வந்த ஒரு அம்மா இருந்தார். ஸ்டூலில் நான். மருமகனின் பேட்டரி இரண்டு வருஷத்தில் செத்துவிட்டது. “அத்தோட ஆயுசே அவ்ளோதாங்க” என்று கடைக்காரர் மூடியைத் திறந்தார். ஆசிட் வாடை மூக்கில் ஏறியது. டிரைவர் ஆரோக்கியத்தின் சட்டை ஞாபகம் வந்தது.

சட்டை என்றால் பாதி ஓட்டைதான். எல்லாம் ஆசிட் தெறித்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திண்டிவனம்–விழுப்புரம் பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். முதலாளிக்கு இரண்டு பஸ். புதியதைக் கோவிந்தன் ஓட்டினார். பெட்ரோல் கிடைக்காமல் இரண்டும் திண்டிவனம் ஷெட்டில் நின்றன. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் பஸ்ஸை ஓட்டும் அடுப்பு ஒன்று வரும், ஒரு வண்டி ஓடும் என்றார் முதலாளி. ஓடும் வண்டியின் ஆட்களுக்குத்தான் வேலை. கரியில் ஓடினாலும் எஞ்சினில் தீப்பொறிக்கு பேட்டரி வேண்டும். புது பேட்டரி எங்கும் கிடையாது.

சும்மா நின்றாலும் பேட்டரியில் சார்ஜ் இறங்கும். அப்படியே விட்டால் உள்ளே தகட்டில் வெள்ளை படியும். பிறகு ஏறாது. ஆரோக்கியம் மாதம் ஒரு தடவை எங்கள் வண்டி பேட்டரியைச் சாக்கில் வைத்து ரயிலில் விழுப்புரம் கொண்டுபோவார். அங்கே ஒரு ரைஸ் மில்லில் சார்ஜ் ஏற்றுவார்கள்.

“இன்னாபா, புள்ளைய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கினு போறியா?” என்பார் கோவிந்தன்.

“ஆமாம்பா. படுத்துட்டா ஏந்திரிக்காது.”

பேட்டரியில் தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. ஊற்றினால் தகடு கெடும். அதனால் மழை பெய்தால் வெட்டவெளியில் பீங்கான் ஜாடி வைப்பார். கூரைத் தண்ணீர் கூட ஆகாது. நான் பெரிய மேதை மாதிரி, “கொஞ்சம் ஆசிட் ஊத்துனா தெம்பு வருமேண்ணே” என்றேன்.

“பசிக்கிறவனுக்கு சாராயம் ஊத்துவியா?”

கோவிந்தன் தன் பேட்டரியில் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றினார், ஆசிட்டும் ஊற்றினார்.

ஐந்தாம் மாதம் அடுப்பு வந்தது. கோவிந்தன் வண்டியில் விளக்கு மினுங்கக்கூட இல்லை. எங்கள் வண்டியில் பளிச்சென்று எரிந்தது. நான் டிக்கெட் பையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நல்ல பேட்டரிய கழட்டி புது வண்டியில மாட்டு. கோவிந்தன் ஓட்டட்டும்” என்றார் முதலாளி.

ஆரோக்கியமே ஸ்பேனர் எடுத்துக் கழற்றினார். மாட்டியும் கொடுத்தார். மழைத்தண்ணீர் ஜாடியைக் கோவிந்தன் கையில் வைத்தார். “ஆசிட் வேணாம்பா. இது மட்டும்.”

கோவிந்தன் ஜாடியோடு முதலாளி பக்கம் திரும்பி, “மொதலாளி, வண்டிய நான் ஓட்டிடுவேன். இத உசுரோட வச்சிக்க எனக்குத் தெரியாதுங்க. ஒரு நாள் அவரு, ஒரு நாள் நான்” என்றார்.

“பாதி சம்பளந்தான்.”

“சரிங்க.”

கண்டக்டர்களுக்கும் அப்படியே. கேப்பைக் கூழ்தான். ஆனால் நான்கு வீட்டிலும் காய்ச்சினோம்.

இப்போது அந்த ஷெட் இல்லை. கரி பஸ் இல்லை. அவர்கள் இருவரும் இல்லை. யுத்தம் முடிந்து புது பேட்டரி வந்த அன்று பழையதைக் கழற்றினோம். அது உழைத்தது ஆறு வருஷம், இரண்டு மாதம்.