தானாக மேடேறிய மரக்கட்டை

அந்தக் கீ ஆன்சரை எழுதிய ஆளை இன்றைக்கும் நாலு அறை விடலாம் போலக் கோபம் வருகிறது. ஆள் நான்தான் என்பதால் விட்டுவைத்திருக்கிறேன்.

சின்னசேலத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வராத காலம். நாலு பள்ளிகள் சேர்ந்து ஆண்டுத் தேர்வை நடத்துவோம். ஃபெயிலானால் மறுபடியும் அதே வகுப்பு.

கேள்வித்தாள், கீ இரண்டும் என் தயாரிப்பு. சாய்தளம் இருபது டிகிரி, உராய்வுக் குணகம் 0.5, ஓய்வில் வைத்த கட்டை கீழே வரும் முடுக்கம் என்ன? ஐந்து மார்க். ஃபார்முலாவில் எண்களைப் போட்டு, மைனஸ் 1.28 என்று எழுதினேன். மைனஸ் என்றால் கட்டை தானாக மேலே ஏறுகிறது என்று அர்த்தம். எனக்கு உறைக்கவில்லை. நான் எம்.எஸ்சி.

திருத்தும் இடத்தில் கடைசியாகக் கல்வராயன் மலைப் பள்ளியின் விடைத்தாள் கட்டு வந்தது. செல்வி என்ற மாணவி எழுதியிருந்தாள்: ‘கட்டை நகராது. முடுக்கம் சுழி. உராய்வு சறுக்குவதைத் தடுக்கும், மேலே தள்ளாது.’ முட்டை போட்டேன். மூன்று மார்க் குறைந்து ஃபெயில். டோட்டலை எழுதிய பிறகுதான் அந்த வரியை மறுபடி படித்தேன். அவள் எழுதியதுதான் சரி.

திருத்தும் பணிக்குத் தலைமையான சீஃபிடம் ஓடினேன். “சார், கீ தப்பு. மாத்தணும்.”

“இன்னா சார் வெளையாடுறீங்க? மூணு ஸ்கூல் கட்டு முடிஞ்சிபோச்சி. ரிசல்ட் ஷீட்டு எழுதிக்கினு இருக்காங்க. கீயில கையெழுத்து யாருது?”

“என்னுதுதான். அந்த ஆளு லூசுன்னு இப்பதான் தெரிஞ்சிது. அதுக்கு ஒரு பொண்ணு ஒரு வருசம் உக்காரணுமா?”

லேபிலிருந்து பலகையையும் கட்டையையும் கொண்டுவந்து அவர் மேஜைமேல் சாய்த்தேன். கோணமானியில் சரியாக இருபது. கட்டை அசையவில்லை.

“என் கீப்படி இது இப்ப மேல ஏறணும் சார். ஏறு! ஏறித் தொலை!”

எல்லோரும் கூடிவிட்டார்கள். சீஃப் கட்டையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். “உங்க வூட்ல யாருனா இருக்காங்களா சார்?” என்றார். பிறகு, “நாலு ஸ்கூல் பேப்பரையும் நீங்களே திருத்துங்க. நாளைக்கி மதியத்துக்குள்ள முடியணும்.”

திருத்தினேன். செல்வி பாஸ். என் வகுப்பில் எல்லோரும், என் நோட்ஸ் புண்ணியத்தில், மைனஸ் 1.28 என்று அழகாக எழுதியிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து மார்க்கை என் கையாலேயே வெட்டினேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று, நாலு பள்ளியிலும் முதலிடம் பறிபோன குமரேசன் எழுந்தான்.

“நீங்க குடுத்த நோட்ஸத்தான சார் எழுதினேன்? தப்புன்னா உங்களுக்குத்தான மார்க்க கொறைக்கணும்?”

போர்டில் ஃபார்முலாவுக்கு மேலே ‘முதலில், நகருமா?’ என்று எழுதினேன். அதற்குப் பிறகு ஒரு வருடமும் அதை எழுதாமல் அந்தப் பாடத்தை ஆரம்பித்ததில்லை.

குமரேசன் மட்டும் அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை.