சந்திரனின் அழுகைக்குச் சிரித்தவர்களுக்கு

செல்வராசு அத்தான், என் தம்பி சந்திரன் கிளினிக் போவதை நிறுத்தியதற்குக் காரணம் நீங்கள்தான். எனக்கும் அதில் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் இத்தாலியில் ஒரு வயதானவரைப் பார்த்துக்கொள்கிறேன். ஐயா என்பதற்கு இங்கே சொல்வதுபோல, சிஞ்ஞோர் என்று கூப்பிடுவேன். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு அழுகை சட்டென்று வரும். சூப் வைத்தால் அழுவார், சூப்பை எடுத்தாலும் அழுவார். மத்தியானம் சீட்டு விளையாட வரும் மூன்று கூட்டாளிகளும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஒருவர் அவர் மூக்கைத் துடைத்துவிடுவார், அடுத்தவர் சீட்டைப் போடுவார். ஓர் ஆண் அழ, அதைப் பார்த்து யாரும் சிரிக்காத வீட்டை நான் இங்கே வந்துதான் கண்டேன்.

சந்திரன் விழுந்தது இலங்கையில், எங்கள் ஊர் பல்லேபொலையில், எங்கள் தோட்டத்தில். மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்துவிட்டது. பன்னிரண்டு நாள் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தான். வீட்டுக்கு வந்த பிறகு அவனுக்கும் இதே அழுகை. தேத்தண்ணி ஆறிப்போனால்கூடக் கண் கலங்கும். வலிப்பு வரலாம், மாத்திரையை விடக்கூடாது, மாதம் ஒருமுறை கிளினிக் வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

சிஞ்ஞோரைப் பார்க்க வரும் நர்ஸிடம் தம்பியைப் பற்றிக் கேட்டேன். பாண் ரொட்டி சுற்றிவந்த தாளில் மூளை என்று ஒரு வட்டம் போட்டு, அதற்குள் காயத்தை வரைந்து, காயத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தாள். அடிபட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செல்கள் தாங்களே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் செய்யுமாம். வீக்கத்தைக் குறைக்கவும், சாகப்போகும் செல்களைக் காப்பாற்றவும் அது உதவுமாம். ஆணின் மூளையும் செய்யும், பெண்ணின் மூளையும் செய்யும். பெரும்பாலும் எலியிலும் குருவியிலும் பார்த்ததுதான், மனிதரில் இன்னும் தெரியாதது நிறைய என்றும் சொன்னாள். மூளை தன் வேலையைச் செய்கிறது என்று மருந்தை விட்டுவிடாதீர்கள் என்று விரலை ஆட்டினாள். ஈஸ்ட்ரோஜன் பெண்களுடையது என்றுதான் எனக்குத் தெரியும். “ஆணுக்கு அது வெட்கம் இல்லையா?” என்று என் அரைகுறை இத்தாலியனில் கேட்டேன். சிஞ்ஞோரைக் குளிப்பாட்டுவதைச் சொல்கிறேன் என்று நினைத்து, கதவைச் சாத்திவிட்டுக் குளிப்பாட்டு என்றாள். நான் கேட்டது அந்த ஹார்மோனைப் பற்றி என்று அவளால் ஊகிக்கவே முடியவில்லை.

தம்பிக்குத் தைரியம் சொல்லலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குரல் பதிவு போட்டேன். “ஆம்பளைங்க மூளையும் அடிபட்டா பொம்பளைங்க ஹார்மோன தானே செய்யுமாம். நல்லதுக்குத்தான், பயப்படாத தம்பி.” அவனுக்குத் தனியாக அனுப்பியிருக்க வேண்டும். எழுபது பேர் இருக்கும் இடத்தில் போட்டது என் மடத்தனம்.

பத்து நிமிடத்தில் உங்கள் குரல் வந்தது. “அதுக்குத்தான் அழுவுறியா மச்சான்? அக்காகிட்ட சொல்லி ஒரு சீலை அனுப்பச் சொல்லவா? அடுத்த கிளினிக்குக்குப் பொம்பளைங்க வரிசையில நில்லு, சுருக்கா முடியும்.” டோஹாவிலிருந்தும் டொரொண்டோவிலிருந்தும் சிரிப்புப் படங்கள் வந்து விழுந்தன. இதை வாசிக்கும் வெளிநாட்டு ஆட்களே, அதில் உங்களுடையதும் இருந்தது. மறுநாள், அத்தான், நீங்கள் த்ரீவீலர் நிறுத்தும் சந்தியில் அவனுக்குப் பெயரே மாறிவிட்டது.

தம்பி மனைவி ராணி எனக்குப் போன் எடுத்துச் சொன்னாள். “மதினி, அவரு பஸ் ஏற மாட்டேங்கிறாரு. ஹால்ட்ல நின்னா ‘சந்திரா அக்கா வாராங்க’ன்னு கத்துறாங்களாம். பாதி வழியில திரும்பி வந்துட்டாரு.” அப்படியே இரண்டு கிளினிக் தவறிப்போயிற்று. மாத்திரையும் முடிந்தது. போன கிழமை, மிளகு காயப்போட்டிருந்த பாயிலேயே வலிப்பு வந்து விழுந்திருக்கிறான்.

மச்சான் மச்சானைக் கேலி செய்வது வழக்கம், அதற்குக் கோபிக்கக்கூடாது என்று ராணியிடம் சொன்னீர்களாம். கல்யாண வீடென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். நீங்கள் பைக்கில் விழுந்து தலையில் ஆறு தையல் போட்ட ஆள், அத்தான். அன்றைக்கு உங்கள் மூளையும் இதே வேலையைச் செய்திருக்கும், உங்களிடம் கேட்காமலே. உங்களுக்கு யாரும் சீலை அனுப்பவில்லை.

இன்று மத்தியானமும் சிஞ்ஞோர் அழுதார். துணியை எடுத்து அவர் கன்னத்தைத் துடைத்தேன். அந்நேரம் மேசையில் போன் ஒளிர்ந்தது, ராணி. ஒரு கையில் துணி, மறு கையில் போன். வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறானாம். அவன் கன்னத்துக்கு என் கை எட்டாது. உங்கள் கை எட்டும்.

வெள்ளிக்கிழமை அடுத்த கிளினிக். உங்கள் த்ரீவீலரில், அதே சந்தி வழியாக, சந்திரனை ஏற்றிக்கொண்டு போவீர்களா, மாட்டீர்களா? எனக்குத் தனியாக எதுவும் அனுப்ப வேண்டாம். நீங்கள் சிரித்த அதே குரூப்பில், அந்த எழுபது பேரும் கேட்க, உங்கள் வாயால் சொல்லுங்கள்.