ஒரே கிண்ணத்தில் எட்டுத் திருகாணி

“என்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க?”

முதலாளி இப்படிக் கத்தியது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமை. 2011ஆம் ஆண்டு. பாரிசில், மார்க்ஸ் டோர்மோயில் ஒரு சின்னப் பட்டறை. சேகரிப்பவர்களுக்காகப் பழங்காலக் கைத்துவக்குகளைத் திருத்திக் கொடுக்கும் இடம். முதலாளி பாண்டிச்சேரிக்காரர். கழற்றிப் பூட்டுவது அவர், துடைப்பது நான். என் வேலை பிடித்தால்தான் கொந்த்ரா, அதாவது நிரந்தர வேலை ஒப்பந்தம், தருவார். அது இல்லாவிட்டால் என் வதிவிடக் கார்த்தைப் புதுப்பிக்க முடியாது.

அன்று ஒரு சோடித் துவக்கு வந்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்கு முன் பதினொரு வருடம் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினவள் நான். கரண்டியோடு கரண்டி, முள்ளோடு முள்ளு. அந்தப் பழக்கத்தில் இரண்டு துவக்கின் எட்டுத் திருகாணிகளையும் துடைத்து ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டேன்.

“மிஷின்ல செஞ்சதா இது? ஒவ்வொண்ணும் கையால அராவுனது. ஒரு துப்பாக்கியோடது இன்னொண்ணுல ஏறாது. மூணு மணிக்கு இதுக்குச் சொந்தக்கார மிசியே வந்து நிப்பாரு!”

மணி இரண்டு. அவர் ஒன்றை எடுத்து ஸ்குரூட்ரைவரால் திருகினார். பாதியில் இறுகியது. இன்னும் அழுத்தப் போனார். கையைப் பிடித்துவிட்டேன்.

“விடுங்கோ! உள்ளுக்கை மரை அறுந்துபோம்.”

“அப்போ நீங்களே சொல்லுங்க, எது எங்க போகும்?”

“சொல்லுறன். பிழை என்ரை. கத்தாமல் நில்லுங்கோ.”

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஆனால் துடைத்த சாமானை மறக்கமாட்டேன். திருகாணித் தலைகளின் கீழே நகக்கீறல்போலச் சில வெட்டுகள் இருந்தன. அழுக்கென்று இரண்டு தரம் தேய்த்தும் போகவில்லை. லென்சை வாங்கிப் பார்த்தேன். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, மூன்று. சிலதில் வெட்டோடு ஒரு புள்ளியும். துவக்கின் உட்தகட்டில், துளைகளின் பக்கத்திலும் அதே அடையாளங்கள். ஒரு துவக்குக்குப் புள்ளி உண்டு, மற்றதற்கு இல்லை.

ஆறு பொருந்தின. மற்ற இரண்டிலும் அடையாளம் தேய்ந்திருந்தது. ஸ்குரூட்ரைவரை எடுக்கவில்லை, விரலாலேயே திருகினேன். அரைச் சுற்றில் நின்றது. மெல்லத் திருப்பி எடுத்து மற்றதை வைத்தேன். தானாக இறங்கியது. மிஞ்சியதை அடுத்த துவக்கில் பூட்டும்போது வாசல் மணி அடித்தது.

மாத முடிவில் கொந்த்ரா வந்தது. ஆறுதலாக, எழுத்தெழுத்தாகக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த சோடி வந்த நாள், முதலாளி என் மேசையில் இரண்டு தட்டு வைத்தார். “கலக்காம இருக்கத்தான்.”

ஒன்றைத் தள்ளிவிட்டேன். “ஒண்டு போதும். முதல் துவக்கைப் பூட்டினாப் பிறகுதான் மற்றதைக் கழட்டோணும்.”

“யாரும்மா இங்க பத்ரோன்?”

“நீங்கள்தான் முதலாளி. ஒண்டை மட்டும் கழட்டுங்கோ.”

அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் அதுதான் முறை.